கிளட்ச்சில் நடுங்கும் கால், நேர்காணலில் வறளும் நாக்கு: கேள்வி பதில்

ஓட்டுநர் தேர்வு, வேலை நேர்காணல் இரண்டிலும் வரும் பதற்றம் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரு உளவியல் ஆலோசகராக என் பதில்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: மேடம், பயிற்சியாளரோடு ஓட்டும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. டெஸ்ட் அன்று தேர்வாளர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததும் இடது கால் தையல் மெஷின் மாதிரி அடிக்க ஆரம்பித்துவிடுகிறது. கிளட்ச்சை விட்டால் வண்டி குதித்து நின்றுவிடுகிறது. இரண்டு முறை இப்படியே ஃபெயில். நடுக்கத்தை எப்படி நிறுத்துவது?

ப: நிறுத்துவதற்கு வழி கேட்கிறீர்கள். நடுங்கும் காலோடு வண்டியை எடுப்பதற்கு நான் வழி சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் நடக்கக்கூடியது.

எல்லோருடைய தசையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய நடுக்கம் எப்போதும் உண்டு. பயம் வந்ததும் அட்ரீனல் சுரப்பி இரத்தத்தில் விடும் அட்ரினலின் அதைப் பெரிதாக்குகிறது. இது உங்கள் உத்தரவுக்குக் கட்டுப்பட்டது இல்லை. அடக்க வேண்டும் என்று காலை விறைத்தால் இன்னும் கூடும்.

அதனால் காலுக்கு வேலையைக் குறையுங்கள். சிக்னலில் காத்திருக்கும்போது பாதி கிளட்ச்சில் காலை வைத்திருக்காதீர்கள். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, காலை எடுத்துத் தரையில் வையுங்கள். கிளட்ச்சை முழுவதும் அழுத்தினாலும் முழங்கால் சற்று மடங்கி இருக்கும்படி சீட்டை முன்னே இழுத்துக்கொள்ளுங்கள். தேர்வு வண்டி புதியது என்றால் சீட்டைச் சரிசெய்ய நேரம் கேளுங்கள், யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள். வண்டியை எடுக்கும்போது, உங்கள் கால் நீளம் இடம் கொடுத்தால், குதிகாலைத் தரையில் ஊன்றிப் பாதத்தின் முன்பகுதியால் கிளட்ச்சை விடுங்கள். ஊன்றிய கால் நடுங்கினாலும் பெடல் அவ்வளவு ஆடாது.

இன்னொரு விஷயமும் நடக்கிறது. ஓட்டப் பழகியவருக்குக் கிளட்ச் விடுவது யோசிக்காமல் நடக்கும் காரியம். யாரோ கவனிக்கிறார்கள் என்றதும் நாமும் நம் காலையே கவனிக்க ஆரம்பிக்கிறோம். பழகிய வேலையை அங்குலம் அங்குலமாகக் கண்காணித்தால் அது கெட்டுவிடும். கவனத்தை வெளியே தள்ளுங்கள்: "வலப்பக்கக் கண்ணாடி, பின்னால் ஒரு பைக், இண்டிகேட்டர்" என்று முணுமுணுத்தபடியே ஓட்டலாம். பயிற்சியிலும் இதையே செய்யுங்கள். அடுத்த தேர்வுக்கு முன்னால் உங்களுக்கு அவ்வளவு பழக்கமில்லாத ஒரு பயிற்சியாளரை உட்காரவைத்து, ஒரு வார்த்தை பேசாமல் குறிப்பெடுக்கச் சொல்லி ஓட்டிப் பாருங்கள். பலரைக் கலங்கடிப்பது அந்த மௌனம்தான். தேர்வாளர் பேசாமல் இருப்பது கோபத்தால் அல்ல, அது அவர் வேலை.

கே: இண்டர்வியூவில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதுமே மண்டை காலியாகிவிடுகிறது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்துவிட்டுத்தான் போகிறேன்.

ப: மனப்பாடம்தான் வினை. மனப்பாடம் செய்த பத்தியில் ஒரு வார்த்தை நழுவினால் அடுத்தது வராது. அந்த நேரத்தில் "மறந்துவிட்டோமே, என்ன நினைப்பார்கள்" என்ற கவலையும் நினைவில் இடம் பிடித்துக்கொள்கிறது. ஒரே சமயத்தில் மனதில் வைத்துக் கையாளக்கூடிய விஷயங்கள் மிகக் குறைவு. கவலை உள்ளே வந்தால் பதில் வெளியே போகிறது.

பத்திகளுக்குப் பதிலாகச் சம்பவங்களைத் தயார் செய்யுங்கள். நீங்கள் செய்த வேலையில் அல்லது படிப்பில் நடந்த நான்கைந்து சம்பவங்கள் போதும்: ஒரு சிக்கலைத் தீர்த்தது, ஒருவரோடு ஒத்துப்போகாமல் பிறகு சரிசெய்தது, சொதப்பித் திருத்தியது. நடந்ததைச் சொல்ல மனப்பாடம் வேண்டாம். என்ன நிலைமை, என் பொறுப்பு என்ன, நான் என்ன செய்தேன், என்ன ஆனது என்ற வரிசையில் சொன்னால் எந்தக் கேள்விக்கும் திருப்பிக்கொள்ளலாம். முதல் வாக்கியத்தை மட்டும் நெட்டுரு போடுங்கள். நாக்கு ஓட ஆரம்பிக்க ஒரு வாக்கியம் போதும்.

காலியாகிவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். "மண்டை நின்றால், 'கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன்' என்று சொல்லி ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பேன்." இப்படி "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முடிச்சுப் போட்டு வைப்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அந்த நிமிடத்தில் முடிவெடுக்கும் சுமை குறைகிறது என்பதுதான் இதன் பயன். உங்களுக்கு நீண்ட மௌனமாகத் தோன்றுவது எதிரே இருப்பவருக்குச் சாதாரண இடைவெளி.

கே: "அமைதியாக இரு, அமைதியாக இரு" என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். பலனில்லை.

ப: இருக்காது. இதயம் தடதடக்கிற உடம்பைச் சட்டென்று சாந்தமாக்குவது நெடுந்தூரம். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாட்டுக்கும் மேடைப் பேச்சுக்கும் முன் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், அமைதியாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். உற்சாகத்திலும் இதயம் வேகமாகத்தான் அடிக்கும். பெயரை மாற்றுவது சுலபம். கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தோன்றும். காருக்குள்ளோ கழிவறையிலோ சொல்லிக்கொள்ளுங்கள்.

கே: மூச்சுப் பயிற்சி செய்தால் எனக்கு விரல் நுனி மரத்துத் தலை சுற்றுகிறது. ஏன்?

ப: ஆழமாக, வேகமாக இழுக்கிறீர்கள். அதிகம் ஊதித் தள்ளும்போது இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. மரத்துப்போவதும் கிறுகிறுப்பும் அதனால்தான். இழுப்பதைச் சாதாரணமாக விட்டுவிடுங்கள். நான்கு எண்ணும் வரை மூக்கால் உள்ளே, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே. மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும், நீளமாக விடச் சொல்வது அதற்காக. இதைத் தேர்வன்று முதல்முறையாக முயலாதீர்கள். சும்மா இருக்கும் நாட்களில் பழக்கியிருந்தால்தான் அன்று கை கொடுக்கும்.

கே: நண்பர் ஒருவர் இண்டர்வியூவுக்கு முன் புரோப்ரானலால் மாத்திரை போட்டுக்கொள்கிறார். எனக்கும் ஒன்று தருகிறேன் என்கிறார். டிரைவிங் டெஸ்ட்டுக்குப் போடலாமா அக்கா?

ப: வாங்காதீர்கள். புரோப்ரானலால் 1960களில் இதயநோய்க்காக வந்த மருந்து. அட்ரினலின் வேலையைத் தடுப்பதால் படபடப்பும் கை நடுக்கமும் குறையும், சில மருத்துவர்கள் இதற்காக எழுதிக்கொடுப்பதும் உண்மை. ஆனால் ஆஸ்துமா இருப்பவருக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். சிலருக்கு இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை குறைவதன் அறிகுறியை மறைக்கும். நண்பருக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல அவர் மருத்துவர் இல்லை. மருத்துவரே எழுதிக்கொடுத்தாலும் முதல் மாத்திரையைத் தேர்வு நாளில் போடக்கூடாது.

தூக்கம் வரவைக்கும் மாத்திரை எதையும், டயஸிபாம், அல்பிரசோலம் போன்றவற்றை, போட்டுக்கொண்டு ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை.

கே: காபி?

ப: வழக்கமாகக் குடிக்கும் அளவு. கூடவும் வேண்டாம், அன்று பார்த்து நிறுத்தவும் வேண்டாம்; நிறுத்தினால் தலைவலி வரலாம். காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: உள்ளே போகும் முன் இரண்டு நிமிடம் இடுப்பில் கை வைத்து வீரன் மாதிரி நின்றால் ஹார்மோனே மாறிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

ப: 2010இல் வந்த ஆய்வு அது. 2015இல் இன்னும் அதிகம் பேரை வைத்துச் செய்தபோது ஹார்மோன் மாற்றம் எதுவும் கிடைக்கவில்லை. முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டேனா கார்னியே 2016இல் இதில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று எழுதிவிட்டார். நிற்பதால் கெடுதல் இல்லை. அந்த இரண்டு நிமிடத்தில் உங்கள் சம்பவங்களை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

கே: பேசும்போது குரல் நடுங்குவது எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்பதுதான் என் பெரிய பயம்.

ப: நீங்கள் நினைக்கும் அளவு தெரிவதில்லை. சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இருவர் 2003இல் பேச்சாளர்களை வைத்துப் பார்த்தார்கள். பேசியவர்கள் தங்கள் பதற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது என்று நினைத்தார்கள். கேட்டவர்களுக்கு அவ்வளவு தெரியவில்லை. இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லி அனுப்பப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே பேசினார்கள். இப்போது உங்களுக்கும் சொல்லியாயிற்று.

திக்குவாய் இருந்தால் கதை வேறு. அதை மறைக்கப் போராடாமல், முன்னாலேயே ஒரு வரியில் சொல்லிவிடுவது பலருக்குச் சுமையைக் குறைக்கிறது.

கே: எனக்கு வயது 52. மகன்தான் கார் சொல்லித்தருகிறான். கியர் மாற்றத் தாமதித்தால் கத்துகிறான். இப்போது சாவியைக் கையில் எடுத்தாலே வியர்க்கிறது.

ப: அம்மா, முதலில் வாத்தியாரை மாற்றுங்கள். வண்டி என்றாலே திட்டு என்று உங்கள் உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. உங்கள் வயது இதில் குற்றவாளி இல்லை. நிறுத்திய வண்டியில், எஞ்சின் போடாமல், கிளட்ச்சும் கியரும் பழகுவதிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். அது சலிப்பாகும் வரை செய்துவிட்டுக் காலியான இடத்தில் முதல் கியர். பிறகு ஆளில்லாத தெரு. ஒவ்வொரு படியிலும் வியர்வை அடங்கும் வரை இருந்துவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் முக்கியம். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடினால் அடுத்த முறை இன்னும் கூடும். மகனிடம் கோபிக்க வேண்டாம். உரிமம் வாங்கிய பிறகு பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

கே: பயத்தில் தேர்வுத் தேதியையே மூன்று முறை தள்ளிப்போட்டுவிட்டேன். தூக்கமும் போய்விட்டது. இது நோயா?

ப: தேர்வுக்கு முந்தின இரவு தூக்கம் கெடுவது நோயில்லை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமல், வாய்ப்புகளை நழுவவிடும் அளவுக்குத் தள்ளிப்போடுவது உதவி கேட்க வேண்டிய நிலை. பயத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றக் கற்றுத்தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (CBT) இதற்கு நன்றாக வேலை செய்யும்; மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். தள்ளிப்போட்ட அன்று கிடைக்கும் நிம்மதிதான் இந்தப் பயத்துக்குத் தீனி. நான்காவது தேதியை மாற்றுவதற்கு முன் அவர்களிடம் போய்விடுங்கள்.

கே: வீடியோ இண்டர்வியூவில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேள்வி காதில் விழுவதில்லை.

ப: உங்கள் படத்தை மட்டும் மறைக்கும் வசதி பெரும்பாலான செயலிகளில் இருக்கிறது, அதைத் தேடுங்கள். இல்லாவிட்டால் அந்த மூலையில் ஒரு துண்டுத் தாளை ஒட்டுங்கள். அதில் சம்பவங்களின் தலைப்பை எழுதிவைத்தால் இரட்டை லாபம்.