வயது வந்தோர் கல்விக்கு எழுதிய உயில் ஏன் கோர்ட்டில் நிற்கவில்லை?

“படிப்புக்குப் பணம் எழுதி வைப்பது தர்மம்தானே, அதை எப்படிச் செல்லாது என்றார்கள்?” என்று ஹாப்கின்சன் வழக்கைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1949-இல் இங்கிலாந்தில் நீதிபதி வைசி தீர்ப்பளித்த வழக்கு அது.

உயில் எழுதியவர் தன் மீதிச் சொத்தை லேபர் கட்சிப் பிரமுகர்கள் நால்வரிடம் ஒப்படைத்தார். நோக்கம், வயது வந்தோர் கல்வி. அதோடு நிறுத்தியிருந்தால் வம்பே இல்லை. ‘குறிப்பாக’ என்று ஒரு வார்த்தையைப் போட்டு, லேபர் கட்சி வெளியிட்ட கல்விக் குறிப்பின் வழியில் எல்லா வர்க்கத்து ஆண்களுக்கும் பெண்களுக்கும் கற்பிக்க வேண்டும் என்று நீட்டிவிட்டார்.

தீர்ப்பு சுற்றிச் சுற்றி வருவது அந்த வார்த்தையைத்தான். அது வெறும் யோசனையா, இல்லை அதுதான் உயிலின் உயிரா? யோசனை என்று படித்தால் பணம் கல்விக்குப் போகும். நீதிபதி இரண்டாவது விதமாகப் படித்தார். கல்வி வேஷம் போட்ட அரசியல் பிரசாரம் கல்வி ஆகாது என்றார்; கெட்ட அர்த்தத்தில் சொல்லவில்லை என்று இடையில் ஒரு சமாதானமும் சேர்த்துக்கொண்டார்!

சரி, அரசியல் என்றால் என்ன தப்பு? ஆளுக்கு இல்லாமல் ஒரு நோக்கத்துக்கு எழுதும் அறக்கட்டளை, அங்கே பொதுவாகத் தர்மக் காரியமாக இருந்தால்தான் செல்லும். எது தர்மம் என்பதற்கு அப்போது 1601-ஆம் ஆண்டு எலிசபெத் காலச் சட்டத்தின் முன்னுரைதான் ஆதாரமாக இருந்தது. கல்வி அந்தப் பட்டியலில் உண்டு, கட்சி வேலை கிடையாது. வயது வந்தோர் கல்வி தர்மமல்ல என்று மட்டும் இதைப் படித்துவிடாதீர்கள். தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை.