மூன்று வசனம் மேலே

ஐயா,
நம் மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்து (வரிசை வீட்டு) வாழ்க்கை பற்றி ஒரு குறும்படம் எடுக்கிறேன். பெயர் 'மங்கின குதிரை'. 'செவன்த் சீல்', 'பேல் ரைடர்', அயர்ன் மெய்டனின் 666 பாட்டு என்று எல்லாரும் வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில்தானே பெயர் எடுக்கிறார்கள்? வேத வசனத்தைச் சினிமாவுக்கு வைப்பது பாவம் என்கிறார் எங்கள் பாஸ்டர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— ஒரு வாசகன், பொகவந்தலாவை

அன்புள்ள தம்பி,

பாஸ்டரிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள். மிருகத்தின் எண்ணான 666-ஐயும் விடுங்கள். பழைய பிரதிகள் சிலவற்றில் அது 616. பச்சை குத்திக்கொண்டவர்கள்தான் பாவம்.

ஏழாம் முத்திரையை உடைத்ததும் பரலோகத்தில் ஏறக்குறைய அரைமணி நேரம் அமைதி என்கிறது வேதம். கடவுள் வாய் திறக்காததுதான் பெர்க்மனின் 1957ஆம் ஆண்டுப் படமான 'செவன்த் சீல்' (ஏழாம் முத்திரை) முழுக்கவே. 'பேல் ரைடரில்' கூட ஒரு சிறுமி அந்த மங்கின குதிரை வசனத்தை வாசிக்கும்போதுதான் நாயகன் ஈஸ்ட்வுட் வந்து சேர்கிறார். உங்கள் குதிரை எங்கிருந்து வருகிறது? போஸ்டரில் எடுப்பாக இருக்கும் என்று வைத்திருக்கிறீர்கள். சுத்தச் சோம்பேறித்தனம்.

மங்கின குதிரை வருகிற அதே ஆறாம் அதிகாரத்தில் மூன்று வசனம் மேலே போயிருந்தால் கறுப்புக் குதிரை நிற்கிறது. ஏறியிருப்பவன் கையில் வாள் இல்லை, தராசு. 'ஒரு பணத்துக்கு ஒருபடி கோதுமை' என்று ஒரு சத்தம். ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி. மத்தேயுவில் திராட்சத் தோட்டத்து ஆட்களுக்குப் பேசிய அதே கூலி. அந்தப் படி ஓர் ஆள் ஒரு நாள் சாப்பிடத்தான் காணும். பெண்டாட்டி பிள்ளைகள்? வாற்கோதுமைக்கு இறங்க வேண்டியதுதான், அது மூன்று படி வரும். எண்ணெயையும் திராட்சரசத்தையும் மட்டும் சேதப்படுத்தாதே என்று உத்தரவு வேறு. துரை பங்களாச் சாப்பாட்டு மேசைக்கு ஒரு குறையும் வராது! 2021இல் நம் தோட்டத்து ஆட்களுக்கு நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆனது. அடுத்த வருடமே ஒரு கிலோ கோதுமை மாவு 300 ரூபாயைத் தாண்டியது. இதற்கு வியாக்கியானம் வேண்டுமா?

1974 பஞ்சத்தில் நான் சின்னப் பையன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. இரவில் குப்பி லாம்பு வெளிச்சத்தில் நான்தான் வேதம் வாசிப்பேன். மிருகம், வலுசர்ப்பம் எல்லாம் வரும்போது தூங்கி விழுவாள். கறுப்புக் குதிரை வந்த அன்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒருக்கா திரும்ப வாசி."

வாசித்தேன்.

"அந்தத் தராசு சரியா நிக்குமாடா?"

அன்றைக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஈரத்துக்கு மூன்று ராத்தல், கூடைக்கு இரண்டு ராத்தல் கழித்து அவளுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான், போட்டிருந்தார்கள். அப்படி எதுவும் வேதத்தில் போடவில்லை என்றேன்.

"போட மாட்டாங்க" என்று லாம்பை ஊதி அணைத்தாள்.

சரி, பெயர் உங்கள் இஷ்டம். படத்தில் கொழுந்து மடுவம் வருகிறதா? கடிதத்தில் அதை எழுதவேயில்லையே.