வேலை பழக வருகிறவனுக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்?

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மருமகனைத் தொழில்நுட்ப வேலை ஒன்றின் பக்கம் திருப்ப விரும்புகிறீர்கள். வீட்டிலோ "படிப்பு ஏறாத பிள்ளைக்குத்தானே அது" என்கிறார்கள். இளையவர்களை எப்படி ஊக்குவிப்பது என்பது உங்கள் கேள்வி. நான் திருகோணமலையில் இருபத்தாறு ஆண்டுகளாகக் குளிர்சாதனப் பெட்டி, ஏ.சி. திருத்தும் கடை நடத்துகிறவன். "எல்லாத் தொழிலும் உயர்ந்த தொழிலே" என்ற பேச்சைப் பாடசாலை விழாக்களில் நானே இரண்டு முறை பேசியிருக்கிறேன். அதைக் கேட்டு ஒரு பிள்ளையும் என் கடைப்பக்கம் வரவில்லை. வராததில் நியாயம் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். ஆகவே இந்தப் பதிலில் பிள்ளைகளை விட என்னைப் போன்ற கடைக்காரர்களைப் பற்றியே அதிகம் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊரில் பையனை "வேலை பழக விடுவது" என்பார்கள். தாய் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு கடைவாசலுக்கு வருவார். "அண்ணன், இவன் வீட்டில சும்மா நிக்கிறான், உங்களோட வச்சு ரெண்டு வேலை பழக்கிவிடுங்கோ" என்பார். அத்துடன் ஒப்பந்தம் முடிந்தது. சம்பளம் எவ்வளவு, எத்தனை மாதத்தில் எதைக் கற்றுக்கொள்வான், கையில் வெட்டு விழுந்தால் யார் பார்ப்பது என்ற பேச்சே எழாது. முதல் ஆண்டு முழுவதும் அவன் கடை கூட்டுவான், தேநீர் வாங்கி வருவான், கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுப்பான், பஸ் காசு பெறுவான். என்னைப் பழக்கிய பாஸ் நல்ல மனிதர்தான். ஆனால் மிசினுக்குள் குளிரூட்டும் காஸ் அடைக்கும் நேரம் வந்தால் என்னைச் சிகரெட் வாங்க அனுப்பிவிடுவார். அழுத்தத்தைக் காட்டும் மானியின் முள் எந்த இலக்கத்தில் நிற்க வேண்டும் என்பதை நான் மூன்றாவது ஆண்டில்தான், அதுவும் அவர் காய்ச்சலில் படுத்த ஒரு நாளில், நானாகவே கண்டுபிடித்தேன். இப்படிப்பட்ட வாசலைக் காட்டி "உள்ளே போ, எதிர்காலம் இருக்கிறது" என்றால் எந்தப் பிள்ளை போகும்? உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கிறது என்பது பெற்றோருக்குத் தெரியாததல்ல. 2017 இல் கிழக்கிலே பட்டதாரிகள் வேலை கேட்டு மாதக்கணக்கில் வீதியோரம் அமர்ந்திருந்ததையும் அவர்கள் கண்டார்கள். அப்படியிருந்தும் பிள்ளையை ரியூசனுக்கே அனுப்புகிறார்கள் என்றால் அதை அறியாமை என்று நான் தள்ளிவிடமாட்டேன். படிப்புப் பாதையில் அடுத்த படி எது என்று அவர்களுக்குத் தெரிகிறது. எங்கள் பாதையில் படி இருப்பதே கண்ணில் படுவதில்லை.

இதை நான் உணர்ந்தது என் சொந்தப் பணம் கரைந்த பிறகுதான். போர் முடிந்து நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் விடுதிகள் பெருகிய காலத்தில், ஒரு விடுதியில் ஆறு புதிய ஏ.சி.களைப் பொருத்தும் வேலை கிடைத்தது. அப்போது ஒரு பயிற்சி நிலையத்தில் இருந்து வேலைத்தளப் பயிற்சிக்காக ஒரு பையன் என்னிடம் வந்திருந்தான். நாங்கள் பழைய ஆர்-22 காஸில் கை பழகியவர்கள். குழாயைப் பொருத்தியதும் வால்வைச் சற்றே திறந்து, அந்தக் காஸைக் கொண்டே குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியே தள்ளிவிட்டு, நட்டை இறுக்கிவிடுவோம். அன்றும் அப்படியே செய்யப் போனேன். "அண்ணன், இது 410. வக்கியூம் பண்ணாம விடக்கூடாது எண்டு எங்கட சேர் சொன்னவர்" என்றான் அவன். புதிய ஆர்-410ஏ காஸ் என்பதால், குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முதலில் பம்பால் உறிஞ்சி எடுக்க வேண்டும் என்பதுதான் அவன் சொன்னது. "உன்ட சேர் எத்தனை ஏ.சி. பூட்டியிருக்கிறார்?" என்று கேட்டேன். நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் அதற்குப் பிறகு எதுவும் பேசவில்லை.

எட்டு மாதத்தில், காஸை அழுத்தி ஓடவைக்கும் கொம்பிரசர்கள் இரண்டு எரிந்தன. மூன்றாவது அடுத்த மழைக்கு முன் போயிற்று. குழாயை வெட்டியபோது கறுத்துப்போன எண்ணெய் புளித்த வாடை அடித்தது. ஆர்-22 காலத்து கனிய எண்ணெய் ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது. ஆர்-410ஏ காஸுடன் வரும் செயற்கை எண்ணெயோ காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரமும் எண்ணெயும் சூட்டில் சேர்ந்து அமிலமாகி மோட்டரின் கம்பிச் சுற்றைத் தின்றுவிடும். அழுத்தமும் பழைய காஸை விட ஒன்றரை மடங்குக்கு மேல், ஆகவே பழைய மானியும் குழாய்களும் அதற்குப் பொருந்தா. பையன் சொன்னது முழுக்கச் சரி. மூன்று கொம்பிரசர்களுக்கும் நானே பணம் கட்டினேன். பிறகு ஒரு வக்கியூம் பம்பும், ஈரம் உண்மையிலேயே போய்விட்டதா என்று காட்டும் மைக்ரோன் மானியும் வாங்கினேன். பயிற்சி முடிந்ததும் அவன் திரும்பி வரவில்லை. இன்று கட்டாரில் இருபது பேரை வைத்து வேலை செய்விக்கிறான் என்று அவனுடைய மாமா சொன்னார். அவனை ஊக்குவிக்க நான் எதுவும் செய்யவேண்டி இருக்கவில்லை. வாயைக் கட்டுப்படுத்தியிருந்தால் போதும்.

அந்தப் பம்புதான் இப்போது என்னுடைய பிரசங்கம். அயல் பாடசாலைப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் கடைக்கு வந்தால், தடித்த கண்ணாடிப் போத்தல் ஒன்றில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, பாதுகாப்புக்காக வலை சுற்றி, மூடியிலிருந்து பம்புக்குக் குழாய் கொடுப்பேன். போத்தலை முதலில் அவர்கள் தொட்டுப் பார்க்க வேண்டும். பம்பு ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களில் அடியிலிருந்து குமிழிகள் எழும். பிறகு நெருப்பே இல்லாமல் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். பம்பை நிறுத்தி மறுபடியும் தொடச் சொல்வேன். சூடு இராது, முன்பிருந்ததை விடச் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் என்று அவர்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மறந்தும் போயிருப்பார்கள். குழாய்க்குள் இருக்கும் ஈரத்தை நாங்கள் இப்படித்தான் கொதிக்கவைத்து வெளியே எடுக்கிறோம் என்று சொன்னதும் ஒருவனாவது "அப்ப உள்ளுக்க குளிர் வாறதும் இதாலயா?" என்று கேட்பான். அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளையைத்தான் நான் குறித்துவைத்துக்கொள்வேன். (நீராவி போனால் பம்பின் எண்ணெய் பழுதாகிவிடும், ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். என் மனைவி இதை வீண்செலவுக் கணக்கில் எழுதுகிறார்.)

கடைக்காரர்களின் கடமை என்று நான் கருதுவது மிகவும் சாதாரணமானது. பழகுகிறவனுக்கு முதல் மாதத்திலிருந்தே சிறியதாயினும் சம்பளம் கொடுக்க வேண்டும். அவனை வேலையாளாக வைத்த பிறகு, ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதமும் அவன் பங்காக 8 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 சதவீதமும் கட்டுவது சட்டம். கட்டும் கடைகள் எங்கள் தெருவில் எத்தனை என்று எண்ண ஒரு கைவிரல்கள் போதும். நானும் பத்து ஆண்டுகள் கட்டாமல் இருந்தவன்தான். அன்புவழிபுரத்தில் இருந்து வந்த ஒரு தாய் "கவர்மண்ட் வேலைக்குப் பென்சன் இருக்கு. உங்கட கடையில என்ன இருக்கு?" என்று முகத்துக்கு நேரே கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த மாதமே பதிவுசெய்தேன். அந்தச் சேமலாப நிதித் துண்டு வீட்டுக்குப் போனதும் ஏற்பட்ட மாற்றத்தை எந்தப் பேச்சும் ஏற்படுத்தியிருக்காது.

அடுத்தது சான்றிதழ். தேசிய தொழில் தகைமை, அதாவது எல்லோரும் என்.வி.கியூ. என்று சொல்வது, ஏழு மட்டங்களைக் கொண்டது. நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்கு இணையானது. இரத்மலானையிலுள்ள யுனிவோடெக் பல்கலைக்கழகம் வரை அந்தப் பாதை போகிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களிலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் பெரும்பாலான பாடநெறிகளுக்குக் கட்டணம் இல்லை, அல்லது பெயரளவில்தான் இருக்கிறது. வடக்குப் பக்கம் போகத் தயங்காத பிள்ளைக்குக் கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் உண்டு. இவற்றை விட எங்கள் ஊருக்கு முக்கியமானது, பலருக்குத் தெரியாத ஒன்று: கடையிலேயே வேலை பழகியவன், வகுப்புக்குப் போகாமலே, தான் செய்த வேலைகளின் பதிவைக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டி அதே சான்றிதழைப் பெறலாம். அரசின் தொழில் பழகுநர் பயிற்சி அதிகாரசபையான நைட்டா இதைச் செய்கிறது. ஆகவே என் கடையில் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு கொப்பி உண்டு. எந்தத் திகதியில் எந்த மிசினில் என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தான், மானி என்ன காட்டியது என்று அவன் தன் கையெழுத்தில் எழுத, நான் கீழே ஒப்பம் வைக்கிறேன். தொடக்கத்தில் சலிப்பார்கள். ஆறு மாதம் கழித்துப் பழைய பக்கங்களைப் புரட்டும்போது முகத்தில் தெரிவதைப் பார்க்க வேண்டும்.

"ஊரில் இதற்கெல்லாம் வேலை இருக்குமா?" என்று வீட்டில் கேட்பார்கள். இந்த ஊர் இரும்பாலும் இயந்திரத்தாலும் வாழ்ந்த ஊர் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். என் அம்மப்பா பிரித்தானியர் காலத்துக் கடற்படையின் கப்பல் திருத்தும் தளமான டொக்யாட்டில் ஃபிட்டராக இருந்தவர். 1957 இல் அவர்கள் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும் வரை, "டொக்யாட் வேலை" என்றால் பெண் கொடுக்கப் பின்னிற்க மாட்டார்களாம். சீனன்குடாக் காட்டுக்குள் அந்தக் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி அவற்றில் 61 கூட்டு முயற்சியாக மேம்படுத்தப்பட வேண்டியவை. அதற்குத் தகடு வெட்டவும், வெல்டிங் செய்யவும், வெல்டிங்கைச் சோதிக்கவும், துருவைச் சுரண்டிப் பூச்சு ஏற்றவும் ஆள் வேண்டும். சம்பூரில் 120 மெகாவாட் சூரியசக்தித் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்கம் குறித்தார்கள். பெரிய திட்டங்கள் இழுபடும், நம்பி இருக்கக்கூடாது என்பது என் அனுபவம். ஆனால் உப்புக்காற்று இழுபடுவதில்லை. கடலைப் பார்த்துப் பூட்டிய ஏ.சி.யின் அலுமினியத் தகடு சில ஆண்டுகளில் கையில் பொடியாகும். படகு எஞ்சினை ஒவ்வொரு நாளும் நன்னீரில் கழுவாவிட்டால் நீர் போகும் வழிகள் உப்பேறி அடைபடும். பலநாள் படகுகளின் குளிர் அறை, ஐஸ் கம்பனி, கூரைச் சோலாரின் இன்வேட்டர் என்று எல்லாமே இந்தக் காற்றில்தான் இருக்கின்றன. 2022 இல் மட்டும் நாட்டை விட்டு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு நல்ல வெல்டர்களும் ஒரு வயரிங்காரரும் போனார்கள். இன்று ஒரு வெல்டரைப் பிடிக்க நான் ஒரு கிழமை காத்திருக்கிறேன்.

கடினத்தையும் மறைக்கக்கூடாது. வைகாசி வெயிலில் தகரக் கூரை மேல் இரண்டு மணி நேரம் குந்தியிருப்பது வேடிக்கையல்ல. எனக்கு முழங்கால் போய்விட்டது. இப்போது வரும் ஆர்-32 காஸ் தீப்பற்றக்கூடியது, ஆகவே கவனமில்லாதவனுக்கு இந்த வேலை ஆகாது. கையேடுகள் ஆங்கிலத்தில் வருகின்றன, வாடிக்கையாளர் பாதிப்பேர் சிங்களம் பேசுகிறார்கள். மூன்று மொழியிலும் கொஞ்சமாவது சமாளிக்கிறவன்தான் கடை போடுகிறான். படிப்பு ஏறாத பிள்ளைக்கு உரியது என்று உங்கள் வீட்டில் சொல்வது இந்த இடத்தில்தான் பொய்யாகிறது. ஓமின் விதி புரியாதவன் மின்சுற்றுப் பலகையைத் திறந்தால் பலகையும் போகும், ஆளும் போகலாம். பெண்பிள்ளைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மூதூரில் இருந்து வந்து என்னிடம் பயிற்சி முடித்த ஒரு பிள்ளை, அந்தப் பலகைகளைத் திருத்துவதில் என்னை விடப் பொறுமைசாலி. வீடுகளில் ஏ.சி. கழுவப் போகும்போது பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகள் அவரைத்தான் கேட்டு அழைக்கின்றன.

உங்கள் மருமகனுக்கு வருவோம். பெறுபேறு வரும் வரையில் உள்ள மாதங்கள் இதற்கு நல்ல காலம், ஏனென்றால் அவன் இன்னும் எதிலும் தவறவில்லை. பெறுபேறு குறைந்த பிறகு கொண்டுபோய் விட்டால் அது தண்டனையாகவே அவன் மனதில் நிற்கும். ஒரே கடையில் விடாதீர்கள். ஒரு கராஜ், ஒரு வெல்டிங் கடை, ஒரு மரவேலைக்காரர், ஒரு சோலார் பூட்டுகிறவர் என்று ஒவ்வொன்றிலும் ஒரு கிழமை நிற்கட்டும். போகும் முன் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கையில் என்ன கொடுப்பீர்கள், ஆறு மாதத்தில் எதைத் தனியாகச் செய்ய விடுவீர்கள், இதற்கு முன் பழகியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் விட வேண்டாம். மாலையில் வீட்டுக்கு வந்ததும் "பிடிச்சிருக்கா?" என்று கேட்காமல், இன்றைக்கு எது பழுதாக வந்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பதில் ஒரு வசனத்தில் முடிந்தால் அடுத்த கிழமை வேறு கடை. சோற்றை மறந்து கையால் படம் போட்டுக் காட்டத் தொடங்கினான் என்றால், அந்தக் கடைக்காரரிடம் கொப்பி ஒன்று போடச் சொல்லுங்கள்.