மருந்து வருமுன் சானடோரியத்தில்

கேள்வி: என் அக்கா மகளுக்கு 16 வயதில் டி.பி. வந்து, வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுத் தேறிவிட்டாள். முன்பெல்லாம் வருடக்கணக்கில் சானடோரியம் என்ற டி.பி. ஆஸ்பத்திரியில் போட்டு வைப்பார்களாமே, உலகப்போர் சமயத்தில் கூடவா? அந்த வயதுப் பிள்ளைகள் அங்கே எப்படி இருந்தார்கள்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஆமாம், போர் நடந்தபோதும் அப்படித்தான். பிரிட்டனில், வேல்ஸ் பகுதியில் கிரைக்-அ-நோஸ் என்று ஒரு மாளிகை இருக்கிறது. ஓபரா என்ற இசை நாடகப் பாடகி அடெலினா பட்டி (Adelina Patti) வாழ்ந்த வீடு. அவர் காலமான பிறகு 1922 முதல் 1959 வரை குழந்தைகளுக்கும் இளம்பெண்களுக்கும் டி.பி. சானடோரியமாக இருந்தது. அங்கிருந்து பிழைத்து வந்தவர்கள் வயதான காலத்தில் சொன்னதையெல்லாம் தொகுத்திருக்கிறார்கள், படித்தால் மனசு ஆறவே ஆறாது.

டி.பி. கிருமியைக் கொல்லும் மருந்து அப்போது இல்லை. படுத்தே கிடப்பது, நல்ல சாப்பாடு, வெளிக்காற்று, இவ்வளவுதான் வைத்தியம். கடுங்குளிரிலும் கட்டில் பால்கனியில்தான், காலையில் விழித்தால் போர்வை மேல் பனி கிடக்கும். சொன்னதை மீறி இறங்கி ஓடிய சின்னப் பிள்ளைகளைக் கட்டிலோடு கட்டிப் போட்டதும் உண்டு. அப்பா அம்மா மாதம் ஒருமுறைதான் வந்து பார்க்கலாம், தம்பி தங்கைகளை உள்ளேயே விடமாட்டார்கள். சில நோயாளிகளுக்கு விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியை இறக்கி, நுரையீரலைச் சுற்றிக் காற்றை ஏற்றி அதைச் சுருங்க வைப்பார்கள், அசையாமல் இருந்தால் புண் ஆறும் என்று. ஏற்றிய காற்றை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும், மறுபடி ஊசி, மறுபடி காற்று, இப்படியே வருடக்கணக்கில் போகும்.

போர் இன்னொரு கொடுமையைச் செய்தது. 1939 செப்டம்பரில், குண்டுவீச்சில் அடிபடுகிறவர்களுக்குப் படுக்கை வேண்டும் என்று பிரிட்டன் முழுக்க ஆயிரக்கணக்கான டி.பி. நோயாளிகளை அரைகுறை வைத்தியத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த இரண்டு வருடம் டி.பி. சாவு ஏறியது. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

1943இல் அமெரிக்காவில் டி.பி. கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் போர் முடிந்து நொடித்துப் போயிருந்த பிரிட்டனால் கொஞ்சம்தான் வாங்க முடிந்தது. அதனால் 1947இல் அந்த மருந்தை ஓர் ஆய்வாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 15 முதல் 30 வயதுக்குள் 107 பேர். யாருக்கு மருந்து என்பது சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரிதான் முடிவானது, 55 பேருக்குக் கிடைத்தது, மீதி 52 பேருக்குப் பழைய படுக்கைதான். ஆறு மாதத்தில் மருந்து வாங்கியவர்களில் 4 பேர் இறந்தார்கள், மற்றவர்களில் 14 பேர். தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதே அந்த 52 பேருக்குத் தெரியாது.

சரி, உங்கள் அக்கா மகள் எப்படி வீட்டிலேயே தேறினாள்? அதற்கு நம் சென்னைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 1956இல் இங்கே தொடங்கிய ஆய்வில், ஒரே மாதிரி மருந்தைச் சிலருக்கு சானடோரியத்திலும் சிலருக்கு வீட்டிலும் கொடுத்துப் பார்த்தார்கள். நெருக்கடியான வீடு, போதாத சாப்பாடு, அப்படியும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறினார்கள், வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959இல் முடிவு வெளிவந்த பிறகு உலகின் பல இடங்களில் சானடோரியங்களின் தேவை இன்னும் குறைந்தது.

அப்புறம் ஒன்று, டாக்டர் சொன்ன காலம் முழுக்க அவள் மாத்திரையைச் சாப்பிட்டு முடித்தாளா என்று அக்காவிடம் கேளுங்கள்.