பின்பக்கமும் கரன்ட் தருமா? – வாசகர் கேள்வி பதில்

பைஃபேஷியல் சோலார் பேனல், அதாவது இரண்டு பக்கமும் வெளிச்சம் வாங்கும் பேனல் பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்வி என்பதால் அதற்கு விரிவாகவும் மற்றதற்குச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

கேள்வி: வீட்டுக்கு 3 கிலோவாட் போட இரண்டு கொட்டேஷன் வாங்கினேன். ஒருவர் பைஃபேஷியல் போட்டால் 30 சதவீதம் அதிகமாக கரன்ட் வரும் என்று சொல்லி 18,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். மாடியில் சிவப்புத் தட்டோடு பதித்திருக்கிறோம். நம்பலாமா? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அந்த 30-ஐ முதலில் அழித்துவிடுங்கள். பேனலின் முதுகுக்கு நேர் வெயில் வராது, தரையில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம்தான் வரும். புதிதாக விழுந்த பனி, தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும், பெரிய பெரிய எண்கள் எல்லாம் அந்த மாதிரி இடங்களுக்குத்தான் பொருந்தும். கோயம்புத்தூரில் எங்கே பனிக்குப் போவது? சாதாரண சிமென்ட் தளம் 20 முதல் 40 சதவீதம் வரை திருப்பும், புல்தரை 20 சொச்சம். வெயில் மழையில் கறுத்துப்போன தட்டோடும் அந்தக் கணக்கில்தான் வரும். நல்ல வெள்ளை கூல் பெயின்டோ வெள்ளை கூல் டைல்ஸோ இருந்தால் 60, 70 வரை போகும், ஆனால் அழுக்குப் படியாமல் இருக்கும் வரைதான்.

அப்படித் திரும்பி வருவதிலும் முதுகு முழுசாக வாங்கிக்கொள்ளாது. பின்பக்கம் முன்பக்கத்தைப் போல எத்தனை சதவீதம் திறமையாக வேலை செய்யும் என்று டேட்டா ஷீட்டில் ஒரு எண் இருக்கும், பெர்க் என்ற பழைய வகை செல்லுக்கு 70 சுமார், டாப்கான் என்ற புது வகைக்கு 80 சுமார். இத்தனையும் கழித்தால் உங்கள் மாடியில் 4, 5 சதவீதம் கிடைக்கும். தரையை வெள்ளையாக்கி, பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சரையும் உயர்த்தினால் 10-ஐத் தொடலாம்.

இப்போது பணக்கணக்கு. நம் ஊரில் 1 கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட் என்று வைத்தால், 3 கிலோவாட் இரண்டு மாத பில் காலத்தில் 720 யூனிட் தரும். அதில் 5 சதவீதம் 36 யூனிட், வருஷத்துக்கு 216. யூனிட் 6 ரூபாய் என்று போட்டாலும் 1,300 ரூபாய்க்கு வருகிறது. 18,000-ஐ அதை வைத்து எடுக்க 13, 14 வருஷம் ஆகும்! நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன். அதற்காக பைஃபேஷியலே வேண்டாம் என்று சொல்லவில்லை, இன்றைக்குச் சந்தையில் வருகிற புதுப் பேனல்களில் பெரும்பாலானவை அந்த வகைதான், சாதாரண விலைக்கே கேட்டுப் பாருங்கள், இன்னும் இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்கினால் அவரும் இறங்கி வருவார்.

அப்புறம் ஒரு விஷயம், டாப்கானா பெர்க்கா என்று கட்டாயம் கேளுங்கள். பேனல் சூடேற ஏறக் கரன்ட் குறையும்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் பெர்க் 0.35 சதவீதம் இழக்கும், டாப்கான் 0.3 சதவீதத்துக்குள். மதியம் செல் 65 டிகிரிக்குப் போகும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 2 சதவீதம். தட்டோட்டிலிருந்து வரும் லாபத்தில் கிட்டத்தட்ட பாதி இது, இதைப் பற்றி எந்த விற்பனைக்காரரும் வாயைத் திறப்பதில்லை.

கேள்வி: ஸ்ட்ரக்சரை எவ்வளவு உயரம் தூக்க வேண்டும்? எட்டடி என்கிறார்கள். – வாசகர், மதுரை

பதில்: அடியில் துணி காயப்போட, நடக்க என்றால் எட்டடி சரி. முதுகு வெளிச்சத்துக்கு மட்டும் என்றால் ஒரு மீட்டர் போதும், அதற்குமேல் ஏற்ற ஏற்ற லாபம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடும், ஜி.ஐ. பைப் செலவும் காற்றின் இழுப்பும் நிறையக் கூடும். உயரத்தைவிட அடுக்கும் விதத்தைப் பாருங்கள். யார் வீட்டிலாவது பேனல்களை இடைவெளியே விடாமல் ஒரே கூரையாகப் போட்டிருந்தால் பகல் 12 மணிக்கு அடியில் போய் நின்று மேலே பாருங்கள்: ஓரத்துப் பேனலின் முதுகு பளிச்சென்று இருக்கும், நடுவில் இருப்பது மங்கிக் கிடக்கும், ஏனென்றால் அதற்குக் கீழே தரையே நிழல். வரிசைக்கு வரிசை கொஞ்சம் இடம் விட்டால் அங்கே வெயில் தரையில் விழும். பேனலின் பின்னால் வயர்கள் வெளியே வரும் ஜங்ஷன் பாக்ஸை மூன்று சின்னத் துண்டாக்கி நடுக்கோட்டில் ஒட்டியிருப்பார்கள், செல்லை மறைக்கக்கூடாது என்றுதான். கம்பெனிக்காரன் அவ்வளவு பார்த்துச் செய்ததை, ஃபிட்டர் பேனலைத் தாங்கும் ஒரு அகலமான ரெயிலைச் செல்களுக்குக் குறுக்கே ஓட்டிக் கெடுத்துவிடுவார். வேலை நடக்கும்போது கூடவே நில்லுங்கள்.

கேள்வி: எங்கள் பட்டறைக்குத் தகர ஷீட் கூரை. அதன்மேலேயே படுக்கவைத்து பைஃபேஷியல் போடலாமா? – வாசகர், திருப்பூர்

பதில்: போடலாம், ஆனால் முதுகிலிருந்து ஒன்றும் வராது. கூரைக்கும் பேனலுக்கும் நாலு விரல் இடைவெளியில் எந்த வெளிச்சம் புகும்? விலை ஒன்றாக இருந்தால் மட்டும் வாங்குங்கள், எடையையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணாடி வைத்த 550 வாட் பேனல் ஒன்றே 30 கிலோவைத் தாண்டும், பழைய ஷெட் தாங்குமா என்று வெல்டர் சொல்வதை மட்டும் நம்பாமல் இன்ஜினியர் ஒருவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: 550 வாட் பேனல், பின்பக்கம் 10 சதவீதம் சேர்த்து 605 வாட், அதனால் ஒரு பேனல் குறைத்துப் போடலாம் என்கிறார் கடைக்காரர். – வாசகர், சேலம்

பதில்: அவர் ஒரு பேனல் காசை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார். லேபிளில் முன்பக்கத்துக்கு மட்டும் அளந்த வாட் தனியாக அச்சிட்டிருக்கும், உங்கள் சிஸ்டத்தின் அளவு அதுதான். முதுகு தருவது போனஸ், தரையைப் பொறுத்து மாறுவது, அதைக் கொட்டேஷனில் கிலோவாட்டாக எழுத விடாதீர்கள்.

போனஸால் ஒரு சின்னத் தொல்லையும் உண்டு. பின்பக்க வெளிச்சம் வோல்ட்டேஜை அவ்வளவாக ஏற்றாது, ஆம்பியரை ஏற்றும். இந்த அளவு பேனல் ஷார்ட் சர்க்யூட்டில் 14 ஆம்பியர் சுமார் தரும், 10 சதவீதம் கூடினால் 15-ஐத் தாண்டும். பழைய இன்வெர்ட்டர்கள் பலவற்றின் உள்ளீடு 12.5 ஆம்பியருக்குத்தான். அதில் மாட்டினால் கூடுதலாக வருவதை இன்வெர்ட்டரே வெட்டிவிடும், அதன் ஷார்ட் சர்க்யூட் வரம்பையும் தாண்டினால் இன்வெர்ட்டருக்கே ஆபத்து. ஃபியூஸ், கேபிள் இரண்டையும் அந்தக் கூடுதல் ஆம்பியருக்குக் கணக்குப் போட்டாரா என்று கேளுங்கள்.

கேள்வி: கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டரில் வீடு. எது தாங்கும்? – வாசகி, தூத்துக்குடி

பதில்: உங்களுக்கு பைஃபேஷியல்தான் என் சிபாரிசு, முதுகு கரன்ட்டுக்காக இல்லை, இரண்டு பக்கமும் கண்ணாடி என்பதற்காக. பழைய பேனல்களின் பின்னால் இருக்கிற பிளாஸ்டிக் ஷீட் வருஷக்கணக்கில் வெயிலில் வெந்து விரிசல் விட்டால் ஈரமும் உப்பும் உள்ளே போகும். கண்ணாடி வழியே அது நடக்காது. 25 வருஷத்துக்குப் பதில் 30 வருஷம் உத்தரவாதம் பல கம்பெனிகள் கொடுப்பதும் அதனால்தான். பின்னால் கண்ணாடிக்குப் பதில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வைத்த பைஃபேஷியலும் விற்கிறார்கள், அது வேண்டாம். உப்புக்காற்றுச் சோதனையில் தேறியதா என்று பாருங்கள், ஐ.இ.சி. 61701 என்று டேட்டா ஷீட்டில் இருக்கும். குறையும் ஒன்று உண்டு: ஒற்றைக் கண்ணாடி 3.2 மில்லிமீட்டர், இரட்டையில் ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர்தான், கிளாம்ப்பைத் தப்பான இடத்தில் இறுக்கினால் கீறல் விடும்.

கேள்வி: பைஃபேஷியலுக்கு மானியம் உண்டா? – வாசகர், திருச்சி

பதில்: உண்டு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட் வரை ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 30,000, மூன்றாவதற்கு 18,000, மொத்தம் 78,000 ரூபாய் வரை. பேனல் எந்த வகை என்பது பிரச்சினை இல்லை, செல்லும் பேனலும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். கொட்டேஷனில் அதைக் குறிக்கும் டி.சி.ஆர். என்ற மூன்றெழுத்து இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: ஜெர்மனியில் வயலில் வேலி மாதிரி நட்டுவைத்து இரண்டு பக்கமும் கரன்ட் எடுக்கிறார்களாமே, என் தோட்டத்து மோட்டாருக்கு அப்படிச் செய்யலாமா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: அங்கே சூரியன் தாழ்வாகவே போகும், கிழக்கு மேற்கு பார்த்து நட்டால் காலையிலும் சாயங்காலமும் நன்றாக வாங்கும். நமக்கு மதியம் தலைக்கு மேல் நிற்கிறது, நட்டுவைத்த பேனல் அந்த நேரத்தில்தான் டல்லடிக்கும். பகலெல்லாம் ஓடுகிற மோட்டாருக்கு 10, 12 டிகிரி தெற்கே சாய்த்த சாதாரண ஸ்ட்ரக்சர்தான் சரி. வேலி எப்படியும் போடத்தான் போகிறீர்கள், காலையில் 7 மணிக்கே கரன்ட் வேண்டும் என்றால் அந்த வேலிக்கு இரண்டு பேனல் வைத்துப் பாருங்கள், ஆடு முட்டாத உயரத்தில்.