3,000 ரூபாய் சாவி எதைத் திறக்கும்?

கேள்வி: குடியாத்தத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைனில் ஒருவர் 18,000 ரூபாய்க்கு ரேடியோ ஸ்கேனர் விற்கிறார். "டிஜிட்டல் எல்லாம் கேட்கும், போலீஸ் வாக்கி-டாக்கி உட்பட" என்கிறார். என்கிரிப்ஷனைத் திறக்கும் சாஃப்ட்வேருக்குத் தனியாக 3,000 கேட்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: முதலில் அந்த 3,000 ரூபாயை மடித்து உள்ளே வையுங்கள்.

டிஜிட்டல் வேறு, என்கிரிப்ஷன் வேறு. என்கிரிப்ஷன் என்பது பேச்சுக்குச் சாவி போட்டுப் பூட்டுவது. இரண்டையும் குழப்பித்தான் அவர் காசு பார்க்கிறார். டிஎம்ஆர், பி25 போன்ற டிஜிட்டல் வாக்கி-டாக்கி முறைகளில் குரல் எண்களாக மாறிப் போகிறது. சாதாரண ரேடியோவில் பிடித்தால் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி கரகரவென்று கேட்கும். டிஜிட்டல் ஸ்கேனரில் அதே அலை பேச்சாக வரும், பூட்டு போடாத வரைக்கும். ஏஇஎஸ்-256 என்ற வலுவான என்கிரிப்ஷன் பூட்டு போட்டிருந்தால் எந்தக் குழு, எந்தக் கருவி என்ற எண் வேண்டுமானால் திரையில் தெரியலாம், பேச்சு வராது. சாவி அந்த வாக்கி-டாக்கிகளுக்குள் இருக்கிறது. லட்ச ரூபாய் ஸ்கேனருக்கும் இதே கதிதான்.

'உடைத்துவிட்டதாகப் படித்தேனே' என்பீர்கள். உண்மைதான். டெட்ரா என்ற இன்னொரு வகை டிஜிட்டல் ரேடியோக்களின் டிஇஏ1 பூட்டைத் திறக்க முடியும் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்டார்கள். அந்தப் பூட்டைச் செய்தவர்கள் 80 பிட் சாவி என்று வெளியே சொல்லிவிட்டு உள்ளே 32 பிட்டாகச் சுருக்கி வைத்திருந்தார்கள். திண்டுக்கல் பூட்டு என்று வாங்கி வந்தால் உள்ளே தகரம்! அதற்காக ஏஇஎஸ் பூட்டும் திறந்துகொள்ளாது.

பூட்டில்லாத போலீஸ் பேச்சு கிடைத்தாலும் வம்புதான். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி, சட்டவிரோதமாக இடைமறித்துக் கேட்டால் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடை கவுன்டரில் வைத்து நாலு பேருக்குப் போட்டுக் காட்டும் ஆசை வேண்டவே வேண்டாம்.

ஆர்வம் ரேடியோ மேல்தான் என்றால் ஹாம், அதாவது பொழுதுபோக்கு ரேடியோ உரிமத்துக்கான தேர்வு எழுதுங்கள். 12 வயதுப் பிள்ளைகளே எழுதுகிறார்கள். ஹாம் அலைகளில் மறைத்துப் பேசக் கூடாது என்பது விதி, அதனால் டிஜிட்டல் பேச்சும் திறந்தே கிடக்கும். உரிமம் வாங்கியபின் ஒருநாள் ஏலகிரி ஏறி 145.800 மெகாஹெர்ட்ஸ் வைத்துப் பாருங்கள். விண்வெளி நிலையத்திலிருந்து ஹாம் பேச்சு வருவது அதில்தான்.

ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டீர்களா? விளம்பரத்தையும், 'திறக்கும்' என்று அவர் அனுப்பிய மெசேஜையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அவர் விளம்பரத்தை அழிப்பதற்குள்.