சீசியம் இல்லையென்றால் கசிவு இல்லையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அணு உலைகளின் கழிவுநீர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கசிவு நடந்த வளாகத்தின் கண்காணிப்புக் கிணறுகளில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் தென்படவில்லை என்று அறிக்கை சொன்னால், நிலத்தடி நீர் தப்பிவிட்டது என்று கொள்ளலாமா? மண்ணே வடிகட்டிவிடும் என்கிறார்களே?

ச.

அன்புள்ள ச.,

கொள்ள முடியாது. மண் சீசியத்தைப் பிடித்துக்கொள்வது உண்மை. அதனால்தான் கசிவைக் கண்டுபிடிக்க அது உதவாது. கிணற்றுக்கு அது கடைசியாகத்தான் வந்து சேரும்.

இல்லைட் போன்ற களிமண்ணில், தகடுகளின் ஓரத்தில் பொட்டாசியம் உட்காரும் இடங்களில் சீசியம் புகுந்து சிக்கிக்கொள்கிறது. கழிவில் வரும் இன்னொரு கதிரியக்கப் பொருளான ஸ்ட்ரான்சியம்-90 கால்சியத்தைப் போன்றது. ஒட்டும், எளிதில் விட்டும் போகும். டிரிட்டியம் என்பது கதிரியக்க ஹைட்ரஜன். அது நீரின் மூலக்கூறிலேயே இருக்கிறது, அதை எந்த மண்ணாலும் பிரிக்க முடியாது. ஒரு மாதிரிக் கணக்கு: நிலத்தடி நீர் ஆண்டுக்கு 100 மீட்டர் நகர்கிறது, மண்ணின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.6 கிராம், அதில் நீர் நிற்கும் துளைகளின் பங்கு 0.3 என்று வையுங்கள். டிரிட்டியமும் 100 மீட்டர் போகும். மண்ணில் ஒட்டும் திறன் கிராமுக்கு 15 மில்லிலிட்டர் என்றால், அதாவது 15 மில்லிலிட்டர் நீரில் இருக்கும் அளவை ஒரு கிராம் மண் பிடித்துவைத்தால், ஸ்ட்ரான்சியம் 1.2 மீட்டர்தான் போகும். அதுவே 500 என்றால் சீசியம் 4 சென்டிமீட்டர்கூடத் தாண்டாது.

இந்த ஒட்டும் திறனும் நிலையான எண் அல்ல. அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் தயாரித்த அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு வளாகத்தில், கழிவுக்கான நிலத்தடித் தொட்டிகள் 177. அமிலக் கழிவு கார்பன் எஃகை அரித்துவிடும் என்று அதில் சோடியம் ஹைட்ராக்சைடைக் கலந்துதான் நிரப்பினார்கள். ஒற்றைச் சுவர்த் தொட்டிகள் பல கசிந்தபோது, சில இடங்களில் அந்தச் சோடியம் முந்திக்கொண்டு மண்ணின் பிடிப்பிடங்களை அடைத்துவிட்டது. சீசியம் எதிர்பார்த்ததைவிட ஆழமாக இறங்கியது. ஆகவே ‘மண் வடிகட்டும்’ என்பவரிடம், கழிவில் உப்பு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

சீசியத்தை முன்பே பிரித்தெடுத்த நீர் கசிந்தால் நிலைமை இன்னும் மோசம். 2013 ஆகஸ்டில் ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் போல்ட் போட்டு இணைத்த தொட்டி ஒன்றிலிருந்து சுமார் 300 டன் கசிந்தது. அந்த நீரின் மொத்த பீட்டா, அதாவது பீட்டா கதிர் விடும் எல்லாப் பொருள்களின் கூட்டளவு, லிட்டருக்கு ஏறத்தாழ 8 கோடி பெக்கரல் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்). சீசியம் அதில் மிகச் சிறிய பங்கு. சுற்றிலும் கான்கிரீட் தடுப்பு இருந்தும், மழைநீர் வடிய அதன் வால்வுகளைத் திறந்து வைத்திருந்ததால் நீர் மண்ணுக்குப் போனது. தடுப்பு இருக்கிறது என்று எழுதினால் போதாது, வால்வு மூடியிருக்கிறதா என்பதும் பதிவாக வேண்டும்.

எனவே அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது டிரிட்டியமும் மொத்த பீட்டாவும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து மான்டிசெல்லோ அணுமின் நிலையத்தில் 2022 நவம்பரில் இரு கட்டடங்களுக்கிடையிலான குழாயிலிருந்து சுமார் 15 லட்சம் லிட்டர் கசிந்ததை, கிணற்று நீரில் உயர்ந்த டிரிட்டியம்தான் காட்டிக்கொடுத்தது. காமா கருவிக்கு டிரிட்டியம் தெரியாது. நீரைக் காய்ச்சி வடித்து, பீட்டா கதிரை ஒளி மினுக்கமாக மாற்றி எண்ணும் திரவ மினுக்கி எண்ணியில் அளக்க வேண்டும். ஸ்ட்ரான்சியத்தை வேதியியல் முறையில் பிரித்த பிறகு, அது சிதைந்து உண்டாகும் இட்ரியம்-90 வளர்வதற்கு இரண்டு வாரம்போலக் காத்திருப்பது வழக்கம். மறுநாளே ‘எல்லாம் பார்த்தாயிற்று’ என்று வரும் அறிக்கையை நான் நம்ப மாட்டேன்.

மாதிரி எடுத்த விதத்தையும் பாருங்கள். கிணற்றில் தேங்கிய நீரை இறைத்து, மின்கடத்துதிறனும் அமிலகாரத்தன்மையும் நிலைத்த பிறகே பிடிக்க வேண்டும். உலோகங்களுக்கான புட்டியில் நைட்ரிக் அமிலம் விடாவிட்டால் அவை புட்டிச் சுவரில் ஒட்டி, அளவு குறைவாகத் தெரியும். டிரிட்டியத்துக்கான புட்டியில் அமிலம் கூடாது. கிணற்றின் சல்லடைக் குழாய் எந்த ஆழத்தில் இருக்கிறது, நீரோட்டத் திசையில் கசிந்த இடத்துக்குக் கீழ்ப்புறம் இருக்கிறதா என்பது அறிக்கையில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

டிரிட்டியம் லிட்டருக்கு 10,000 பெக்கரலுக்குக் கீழே என்று எழுதியிருக்கலாம். அது குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டு அளவு. கசிவு இல்லை என்பதற்கான அளவு அல்ல. நீரோட்டத்தில் கசிந்த இடத்துக்கு மேல்புறம் உள்ள கிணற்றின் எண்ணோடு ஒப்பிடுங்கள். காலாண்டுக்குக் காலாண்டு ஏறிக்கொண்டே போனால், கசியும் குழாயை அப்போதே தேடி அடைக்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரான்சியம் இன்னும் வழியில்தான் இருக்கும்.